செய்து வந்தது

ஏப்ரல் 9

ஆறாம் பக்கத்தில் ஒரு நல்ல பிழை அகப்பட்டது. நகராட்சி அறிவிப்பு. ‘வயதானவர்களுக்கு இலவசக் கண் பரிசோதனை’ என்று வர வேண்டும். எங்கள் ஜப்பானிய மொழியில் இரண்டு சொல்லுக்கும் ஓசை ஒன்றே என்பதால் எழுத்து மாறி, ‘வழக்கமானவர்களுக்கு’ என்று வந்திருந்தது. சிவப்புப் பென்சிலால் சுழித்து ஆசிரியரிடம் கொண்டுபோனேன். “விடுங்க தொமோயே, நம்ம ஊர்ல ரெண்டும் ஒண்ணுதானே” என்றார். இருபத்தாறு வருடமாக இந்தப் பத்திரிகையில் பிழை திருத்துகிறேன். இந்த மனிதர் சொன்னதில் சிரிக்கும்படி இருந்தது இது மூன்றாவது.

மாலையில் மகள் நாகிசா வந்தாள். அவளுக்கு இன்று விடுமுறை. மூங்கில் குருத்து நான்கு, மண்ணோடு. மலைப்பாதையில் அவள் ஓட்டும் ஒற்றைப் பெட்டி ரயிலில் தினமும் ஏறும் கிழவர் கொடுத்தாராம். குருத்தை வேகவைத்துச் சோற்றில் கலந்து மூவரும் சாப்பிட்டோம். பிழைக் கதையைச் சொன்னேன்.

“அப்பா, இவங்களுக்கு எப்படிப்பா காதல் கடிதம் எழுதின? சுழிச்சுத் திருப்பி அனுப்பியிருப்பாங்களே.”

“அதான் எழுதல. போன்ல கேட்டுட்டேன்” என்றார் கியோஜி.

இவ்வளவு பேசியதே அவருக்கு இந்த மாதத்துக்குப் போதும். இரண்டு நாளாகத் தலை வலிக்கிறது என்றாள் நாகிசா. தூக்கம் போதாது என்று திட்டினேன்.

ஏப்ரல் 10

மழை. மீதிச் சோறு காலைக்கு ஆயிற்று.

ஏப்ரல் 17

மத்தியானம் ஒன்றே காலுக்கு அலுவலகத்துக்கு போன். நாகிசாவின் பக்கத்து வீட்டுப் பெண். குளியலறையில் தண்ணீர் ஓடிக்கொண்டே இருந்ததாம், கதவைத் தட்டியும் பதில் இல்லையாம்.

தலைக்குள் ரத்தக் கசிவு. மருத்துவர் சின்ன வயசு. விளக்கிச் சொல்லிவிட்டு, விளக்கியதையே மறுபடி சொன்னார். எனக்குப் புரிந்துவிட்டது, அவருக்குத்தான் நிறுத்தத் தெரியவில்லை. நாகிசாவின் கை சூடாக இருக்கிறது. கை சூடாக இருக்கும்போது எப்படி — எழுத முடியவில்லை.

ஏப்ரல் 19

காலை ஒன்பது இருபது. நாகிசா போய்விட்டாள். வயது முப்பத்தொன்று.

ஏப்ரல் 20

வீட்டுக்குக் கொண்டுவந்து உள்ளறையில் வடக்கே தலைவைத்துப் படுக்கவைத்திருக்கிறோம். சீருடை போட்டுவிடலாமா என்று கேட்டேன். கியோஜி தலையாட்டினார். போட்டுவிட்டேன்.

ஃபுகுயோ அக்கா ஏப்ரனோடு வந்துவிட்டாள். கியோஜியின் அக்கா. எழுபத்திரண்டு வயது, இந்தத் தெருவின் மாதர் சங்கத் தலைவி. எந்த வீட்டில் சாவு விழுந்தாலும் அடுப்படி அவள் கையில். நாகிசா ரயில் ஓட்டப் போனபோது, “பொண்ணு ஓட்டுற வண்டியில நான் ஏற மாட்டேன்” என்றவள். “அப்ப நடந்து வாங்க அத்தை” என்றாள் என் மகள். இருவரும் சண்டைக்காரிகள். இருவருக்கும் ஒருவரை ஒருவர் பிடிக்கும் என்று எனக்கு எப்போதும் ஒரு சந்தேகம்.

சடங்கு நடத்தும் நிவா வந்து, அச்சடித்த தாளிலிருந்து வரிவரியாக வாசித்தார். நாளை ‘தோமோபிகி’, எரிமேடைக்கு விடுமுறை. அதனால் நாளை மறுநாள். பத்து மணிக்கு ஓதுதல். பதினொன்றரைக்குப் புறப்பாடு. நாகிசாவின் படத்தை அக்காவின் மகன் நோரியுகி ஏந்தி வண்டியில் முன்னால் உட்காருவார். அப்புறம், குரலைக் கொஞ்சம் தாழ்த்திக்கொண்டு:

“அப்பாவும் அம்மாவும் வாசல்லேயே வழியனுப்பிடுவீங்க.”

“வாசல்லயா? நான் எரிமேடைக்கு வரணுமே.”

நிவா தாளைப் பார்த்தார், தாள் பதில் சொல்லும் என்பதுபோல். “இல்ல... பிள்ளை முந்திக்கிட்டா, பெத்தவங்க அங்க வர்றதில்ல. ஷிகிதாரி.”

ஷிகிதாரி. வழக்கம், முறை, மரபு, ஊர்க்கட்டு — எங்களிடம் எல்லாவற்றுக்கும் அந்த ஒரு சொல்தான். சொன்னால் எதிரே இருப்பவர் வாயை மூடிக்கொள்ள வேண்டும்.

“ஏன் வர்றதில்ல?”

அக்கா அடுப்படியிலிருந்தே சொன்னாள். “பெத்தவங்களுக்கு முன்னாடி போறது பாவம், தொமோயே. நீயும் பின்னாலயே போனா அந்தப் பாவம் அவளை விடாது. அவ கரை சேர வேணாமா?”

என் பிள்ளை குளிக்கப் போய் விழுந்து செத்தாள். பாவமாம். யாருக்குச் செய்த பாவம்? எனக்குத்தானே? நான் மன்னித்துவிட்டேன், போதுமா?

இதைச் சத்தமாகத்தான் சொன்னேன். நிவா தாளை நான்காக மடித்துக்கொண்டார். கியோஜி தோட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏப்ரல் 21

காலை ஐந்தரை. நாகிசா பக்கத்தில் உட்கார்ந்து பெரிய அகராதியைப் பிரித்தேன். வேலைக்குச் சேர்ந்து இருபது வருடம் முடிந்தபோது அலுவலகம் கொடுத்தது. சந்தேகம் வந்தால் பிரித்துப் பார்க்காமல் எந்தச் சொல்லையும் நான் விட்டதில்லை. இதை மட்டும் ஏன் விட வேண்டும்?

ஷி. செய்ய.
கி. வர.
தாரி. பழைய பேச்சில், முடிந்துபோனதைச் சொல்லும் வால்.

செய்து வந்தது. அவ்வளவுதான். இதுவரை செய்துகொண்டு வந்தது. மூன்று துண்டையும் ஒவ்வொன்றாகத் திருப்பிப் பார்த்துவிட்டேன், எதிலும் ‘வேண்டும்’ இல்லை. ‘கூடாது’ இல்லை. தெய்வம் இல்லை, புத்தர் இல்லை. எழுதும்போது முதல் எழுத்தாக, எஜமானுக்குப் பணிவிடை செய்வதைக் குறிக்கும் எழுத்தைப் போடுகிறோம். அதுவும் வெறும் ஓசைக்காக யாரோ ஒட்டியது. ‘செய்’ என்கிற எளிய வினைக்குத் தலையைக் குனியவைத்துவிட்டார்கள். இருபத்தாறு வருடத்தில் நூறு முறையாவது இந்தச் சொல் என் பென்சிலுக்குக் கீழே போயிருக்கும். எழுத்து சரியாக இருக்கிறதா என்று மட்டும் பார்த்திருக்கிறேன்.

இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ‘தோமோபிகி’ — நண்பனை இழுக்கும் நாள், அன்று எரித்தால் இன்னொரு சாவு விழும் என்கிறார்கள். அது ஆதியில் வேறு எழுத்து: வெற்றி தோல்வி இல்லாத நாள் என்றுதான் பொருள். எழுத்து மாறியது, பயம் வந்தது. பிழை திருத்துகிறவள் அந்தப் பக்கம் இல்லாமல் போய்விட்டாள்.

பத்து மணிக்குக் கோயில் குரு வந்தார். நேராகக் கேட்டேன்.

“சூத்திரத்துல அப்படி ஒரு வரி கிடையாதும்மா. ஊர்ல செய்யறாங்க, நாங்களும் பேசாம இருந்துட்டோம்.”

“அப்ப நான் போகலாமா?”

தேநீரைக் குடித்தார். “போகக் கூடாதுன்னு என் வாயால சொல்ல முடியாது.”

“போகலாம்னு சொல்லுங்களேன்.”

மறுபடி தேநீர். கோழை. ஆனால் பொய் சொல்லாத கோழை.

அக்கா விடவில்லை. “ஆதிகாலத்துலேருந்து நடக்கிறதுடீ!”

“எரிமேடை கட்டினதே ஷோவா முப்பத்தொண்ணுல, அம்பத்தாறாம் வருஷம், அக்கா. அதுக்கு முன்னாடி மலைச்சரிவுல புதைச்சாங்க. நகராட்சியோட அறுபதாவது ஆண்டு மலரை நான்தான் திருத்தினேன். உங்க ஆதிகாலம் என்னைவிட மூணு வயசு மூத்தது.”

“புள்ளையைக் கிடத்தி வச்சுக்கிட்டு புஸ்தகத்தைப் புரட்டி எனக்குப் பாடம் எடுக்கிறியா? எல்லாரும் பொறுத்துக்கிட்டாங்க. உனக்கு மட்டும் என்ன ஒசத்தியான வயிறா?”

குரல் ஒரு மாதிரி கிழிந்தது. கோபம் என்று நினைத்தேன்.

கியோஜியிடம் கேட்டேன். “நீங்க வர்றீங்களா, மாட்டீங்களா?”

“அம்மா...” என்றார். நாகிசா பிறந்ததிலிருந்து என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார். “அக்கா மனசைப் புண்படுத்த வேண்டாம்.”

சரி. நீர் உம் அக்கா மனசைப் பார்த்துக்கொள்ளும். நான் என் பிள்ளையைப் பார்த்துக்கொள்கிறேன்.

ஏப்ரல் 22

எழுதிவிட வேண்டும், ஒழுங்காக.

பதினொன்றரைக்குப் பெட்டியைத் தூக்கினார்கள். நாகிசா சாப்பிடும் கிண்ணத்தை அக்கா வாசலில் போட்டு உடைத்தாள். இனி இந்த வீட்டில் உனக்குச் சோறு இல்லை, போ என்று சொல்வதற்கு. நீலக் கோடு போட்ட கிண்ணம். பெட்டியை வண்டியில் ஏற்றிக் கதவைச் சாத்தினார்கள். நோரியுகி படத்தோடு முன் இருக்கையில் ஏறப்போனான்.

நான் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தேன்.

பின்னாலிருந்து என் கிமோனோவின் கையை அக்கா பிடித்துக்கொண்டாள். இரண்டு கையாலும். தெரு முழுக்கக் கறுப்பு உடையில் நின்று பார்க்கிறது.

“போகாதே. தொமோயே, போகாதே. ஊர் சிரிக்கும்.”

“சிரிக்கட்டும். பல்லு இருக்கிறவங்க சிரிக்கட்டும்.”

அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். கிழவிக்கு எவ்வளவு பலம்! கடைசி விரல் வந்தபோது துணி கிழிந்தது.

“நோரியுகி, படத்தைக் கொடு.”

நாற்பத்தைந்து வயசு ஆண்பிள்ளை, அம்மாவைப் பார்த்தான். என்னைப் பார்த்தான். படத்தை இரண்டு கையாலும் நீட்டிவிட்டு, “நான் பின்னாடி வண்டியில வர்றேன் அத்தை” என்றான். நான் முன் இருக்கையில் ஏறியதும் நிவா ஓடிவந்தார், சீட் பெல்ட்டை மாட்டிவிட. தடுக்கத்தான் வருகிறார் என்று முறைத்துவிட்டேன், பாவம்.

வாசலில் கியோஜி நின்றார். கை இரண்டும் பக்கவாட்டில் தொங்க, பள்ளியில் தண்டனைக்கு நிற்பவர்போல. நான் கூப்பிடவில்லை. ஒருமுறைதான் கேட்பது.

வழியில் ரயில் தண்டவாளத்தைக் கடக்கும் இடத்தில் தடுப்பு இறங்கியிருந்தது. ஓட்டுநர் மன்னிப்புக் கேட்டார். எதற்கு? ஒற்றைப் பெட்டி ரயில் போயிற்று. அப்புறம் நாங்களும்.

எரிமேடையில் பயங்கரமாக எதுவும் இல்லை. சுத்தமான கூடம், மூன்று இரும்புக் கதவுகள், வெள்ளைக் கையுறை போட்ட ஒரு ஆள். கடைசியாக முகம் பார்த்தேன். தொப்பியைச் சரிசெய்தேன். “போய்ட்டு வா” என்று வாய் தவறி வந்துவிட்டது, தினமும் சொல்வதுதானே.

ஒன்றே முக்கால் மணி நேரம்.

அப்புறம் எலும்பு எடுப்பது. இருவர் சேர்ந்து, இரண்டு ஜோடிக் குச்சியால் ஒரே எலும்பைப் பிடித்துப் பானையில் போட வேண்டும். காலிலிருந்து தொடங்கி மேலே, அவள் உள்ளே நிமிர்ந்து உட்கார. எனக்கு ஜோடியாக யார் நிற்பது? யாரும் அசையவில்லை. நோரியுகி வந்து நின்றான். முதல் எலும்பைச் சேர்ந்து எடுத்தோம்.

கையுறைக்காரர் மெதுவாகச் சொன்னார்: “ரொம்ப உறுதியான எலும்பும்மா. நல்லா வளர்த்திருக்கீங்க.”

கேட்டதும் அழுதேன். மூன்று நாளில் முதல்முறை. ஆமாம், வளர்த்தேன். பால் குடிக்க மாட்டேன் என்று ஓடுவாள், துரத்தித் துரத்திக் குடிக்கவைத்தேன். இதைக் கேட்க நான் அங்கே இருக்க வேண்டாமா? நான் இல்லாவிட்டால் அந்த மனிதர் யாரிடம் சொல்லியிருப்பார்?

பானை மடியில் சூடாக இருந்தது. வீடு வரும்வரை.

ஏப்ரல் 23

அவர் தனியாகச் சாப்பிட்டார். நானும்.

மே 12

வேலைக்குத் திரும்பி ஒரு வாரம். ஆசிரியர் என் மேசையில் புதுப் பென்சில்கள் வைத்திருந்தார். நல்ல மனிதர்.

கடைத்தெருவில்தான் சொல்கிறார்கள். இன்று மீன் வாங்கும்போது பின்னால் ஒருத்தி, நான் கேட்க வேண்டும் என்றே: “பாவம் அந்தப் பொண்ணு. அம்மா பின்னாடியே போனா எப்படிக் கரையேறும்? நடு ஆத்துல நிக்கும்.”

திரும்பினேன். “என் பொண்ணு ரயில் ஓட்டுறவ. ஒரு நிமிஷம்கூடத் தாமதமா ஓட்டினதில்ல. நீங்க சொன்னீங்கன்னு நடு ஆத்துல நிக்க மாட்டா.”

மீன்காரர் ஒரு மத்தி அதிகமாகப் போட்டார்.

வீட்டுக்கு வந்து எலும்புப் பானைக்கு முன்னால் உட்கார்ந்தேன். எழுதிவைக்கிறேன், பொய் வேண்டாம். ஒருவேளை? ஒருவேளை அவர்கள் சொல்வது... இல்லை. இல்லவே இல்லை.

ஜூன் 6

நாற்பத்தொன்பதாம் நாள். பானையைக் கல்லறையில் வைத்தாயிற்று.

அக்கா வந்தாள். எனக்கு எதிரே உட்கார்ந்து, என்னைத் தவிர எல்லாவற்றையும் பார்த்தாள். ஏப்ரலிலிருந்து என்னோடு பேசுவதில்லை. போகும்போது தலைகூடக் குனியவில்லை.

எல்லோரும் போனபின் கியோஜி தட்டுகளைக் கழுவிக்கொண்டே சொன்னார்.

“நானும் வந்திருக்கணும்.”

“ஆமா.”

அவர் கழுவிய தட்டுகளை வாங்கித் துடைத்தேன். ஆறுதல் சொல்லியிருக்கலாம், மனசு வரவில்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கே போகிறார் என்பது எனக்குத் தெரியும். சட்டைப் பையில் டிக்கெட் இருந்தது. மலைப்பாதை ரயிலில் இந்த முனையிலிருந்து அந்த முனைக்குப் போய்த் திரும்பி வருகிறார்.

ஆகஸ்ட் 13

நாகிசாவின் முதல் ஓபோன். இறந்தவர்கள் வீட்டுக்கு வரும் நாள் என்று வெள்ளை விளக்கு கட்டியிருந்தோம். மத்தியான வெயிலில் ஃபுகுயோ அக்கா தனியாக வந்தாள், கையில் ஒரு தர்பூசணி. கியோஜி வீட்டில் இல்லை. பழத்தைப் பூஜை மாடத்தில் வைத்தாள், மணி அடித்தாள், கும்பிட்டாள். எழுந்து போவாள் என்று பார்த்தேன். போகவில்லை.

“அங்க எப்படி இருக்கும்?” என்றாள்.

“எங்க?”

“அங்கதான். நீ போனியே.”

சொன்னேன். கூடம், மூன்று கதவு, வெள்ளைக் கையுறை. சுருக்கமாகத்தான் சொன்னேன், இன்னும் கோபம் இருந்தது.

“கதவை மூடும்போது சத்தம் கேக்குமா?”

“கேக்காது. மெதுவா மூடுறாங்க.”

“சின்னப் புள்ளைன்னா... சின்னப் புள்ளையா இருந்தா எலும்பு மிஞ்சுமா?”

அப்போதுதான் புரிந்தது. நோரியுகிக்கு முன்னால் ஒருவன் இருந்தான். டோரு. ஐந்து வயதில் மூளைக்காய்ச்சல். நான் இந்த வீட்டுக்கு வருமுன் நடந்தது. அவன் பெயர்ப் பலகை அவர்கள் பூஜை மாடத்தில் இருக்கிறது, முப்பது வருடமாக அதற்கு முன்னால் ஊதுபத்தி கொளுத்தியிருக்கிறேன். ஒருநாளும் யோசித்ததில்லை.

“மாமியார் என் இடுப்புக் கச்சையைப் புடிச்சுக்கிட்டா. ரெண்டு கையாலயும். நான் உன்னை மாதிரி விரலைப் பிரிக்கல. நின்னுட்டேன். ஷிகிதாரின்னு சொன்னாங்க, சரின்னுட்டேன். வண்டி திரும்புற வரைக்கும் பார்த்துட்டு, உள்ள போய் வந்தவங்களுக்கு அரிசி களைஞ்சேன்.” வாசல் பக்கம் பார்த்தாள். “நாப்பத்தாறு வருஷமா, அது முடியாத காரியம்னு நினைச்சுக்கிட்டு இருந்தேன். நீ செருப்பை மாட்டிக்கிட்டு நடந்து போற. நாலே எட்டு. நாலே எட்டுடீ, தொமோயே. அப்ப நான் எதுக்கு நின்னேன்?”

எழுந்து போய்க் கத்தியை எடுத்துவந்தேன்.

தர்பூசணியை வெட்டினேன். இருவரும் விதையைத் தட்டில் துப்பிக்கொண்டே சாப்பிட்டோம். மிஞ்சும் அக்கா, என்றேன். சின்னப் பிள்ளைக்கும் மிஞ்சும், கவனமாக எடுப்பார்கள், அந்தக் காலத்திலும் எடுத்திருப்பார்கள். எனக்கு நிச்சயமாகத் தெரியாது. ஆனாலும் நிச்சயமாகச் சொன்னேன்.

கியோஜிக்கு அப்போது பதினேழு வயது. அன்று அந்த வாசலில் அவரும் நின்றிருக்கிறார். மாலையில் கேட்டபோது, “அக்கா போட்ட சத்தம் இன்னும் காதுல இருக்கு” என்றார். முன்பே சொல்லியிருக்கலாமே மனுஷா.

ஆகஸ்ட் 16

கியோஜியோடு மலைப்பாதை ரயிலில் போனேன். ஜன்னல் பக்கம் எனக்கு விட்டார்.

நவம்பர் 8

முந்தாநாள் எங்கள் தெரு தோஃபுக் கடைப் பையன் பைக்கில் போய் அடிபட்டுச் செத்தான். இருபத்துநான்கு வயது. அம்மா கிகுயே, கடையில் என்னிடம் ஒரு வார்த்தை அதிகம் பேசாதவள். சாவு வீட்டுக்கு ஒத்தாசைக்குப் போக வேண்டும், அதுதான் முறை. நானும் முள்ளங்கி நறுக்கப் போனேன். அடுப்படியில் ஃபுகுயோ அக்கா எல்லோரையும் விரட்டிக்கொண்டிருந்தாள்.

பக்கத்து அறையில் நிவா தாளை வாசிப்பது கேட்டது. பத்து மணிக்கு ஓதுதல். பதினொன்றரைக்குப் புறப்பாடு. கதவு திறந்திருந்தது. கிகுயே தரையைப் பார்த்துக்கொண்டு ஒவ்வொரு வரிக்கும் தலையாட்டினாள். அடுத்து என்ன வரி என்று எனக்குத் தெரியும். கத்தியைக் கீழே வைத்துவிட்டு எழுந்தேன்.

அக்கா எனக்கு முன்னால் போய்விட்டாள். ஈரக் கையை ஏப்ரனில் துடைத்துக்கொண்டே போய் அறை நடுவில் நின்றாள்.

“முன் சீட்டுல அம்மாதான் உக்காருவா. படம் அவ கையிலதான் இருக்கும். அப்பா பக்கத்துல.”

நிவா தாளைப் பார்த்தார். “அது வந்து, ஃபுகுயோ அம்மா... பெத்தவங்க...”

“என்ன வந்து? ஷிகிதாரி. நம்ம தெருவுல அப்படித்தான்.”

“எப்பலேருந்துங்க?”

“ஏப்ரல்லேருந்து.”

யாரும் சிரிக்கவில்லை. நிவா பேனாவை எடுத்து எதையோ அடித்து, எதையோ எழுதினார். கிகுயே முதல்முறையாக முகத்தை நிமிர்த்தி, அக்காவைப் பார்த்து, அவளைத் தாண்டி என்னைப் பார்த்தாள்.

“எந்தச் செருப்பு போட்டுக்கணும்?” என்று கேட்டாள்.